கடைசி வரிசைக் குழந்தை வாசிக்கிறதா?

ஜூன் மாதம் பிறந்ததும் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஊர்களில் ஒரு புதிய சுறுசுறுப்பு தொற்றிக்கொள்கிறது. கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த தொடக்கப் பள்ளிகள் திறக்கப்படுகின்றன. வகுப்பறைகளைக் கூட்டிக் கழுவுகிறார்கள். விலையில்லாப் பாடநூல்களும் சீருடைகளும் வந்து இறங்குகின்றன. ஐந்து வயது நிறைந்த குழந்தைகள் தாயின் சேலைத் தலைப்பை விடாமல் முதல் வகுப்பு வாசலில் நின்று அழுகிறார்கள். இரண்டே நாளில் அழுகை மறந்து விளையாடவும் தொடங்கிவிடுகிறார்கள்.

இதே ஜூன் மாதத்தில் சேலம் மாவட்டம் மேட்டூரில் இன்னொன்றும் நடக்கிறது. நீர் இருப்புப் போதுமானதாக இருக்கும் ஆண்டுகளில், வழக்கப்படி ஜூன் 12ஆம் நாள் டெல்டா பாசனத்திற்காக அணை திறக்கப்படுகிறது. மதகு திறந்து, பூத்தூவித் தண்ணீரை அனுப்பி வைப்பதைச் செய்தித்தாள்கள் படத்துடன் வெளியிடுகின்றன. ஆனால் விவசாயி கேட்கும் கேள்வி வேறு. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்பதே அவருடைய கேள்வி. மதகு திறந்த நாளை வைத்து அவர் மகிழ்வதில்லை. கடைசி வயலின் வரப்பு நனைந்த நாளை வைத்துத்தான் அவர் கணக்குப் பார்க்கிறார்.

பள்ளி திறப்பையும் நாம் இப்படித்தான் பார்க்க வேண்டும். பள்ளி திறந்தாயிற்று, பாடநூல் வந்தாயிற்று, பாடம் தொடங்கியாயிற்று. நல்லது. ஆனால் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தை வாசிக்கிறதா? இந்த ஒரு கேள்வியைப் பற்றி இங்கே சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

உணவுக்கு உள்ள கணக்கு

பள்ளிக் குழந்தையின் பசியைப் போக்குவதில் தமிழகம் நெடுந்தூரம் வந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 1956ஆம் ஆண்டு காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமாக விரிந்தது. பின்னர் சத்துணவில் முட்டை சேர்ந்தது. முதலில் எப்போதாவது ஒன்று என்று தொடங்கி, 2010ஆம் ஆண்டில் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை என்ற அளவுக்கு வந்தது. தமிழகம் முழுவதும் பள்ளித் தட்டுகளில் விழும் முட்டைகளில் பெரும்பங்கு நமது நாமக்கல் பண்ணைகளில் இருந்து போவது நமக்குத் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நம் மறைமாவட்டங்கள் நடத்தும் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளின் ஏழைக் குழந்தைகளுக்கும் இதனால் காலையில் சூடாக ஒரு வேளை உணவு கிடைத்தது. நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி இது.

இந்தத் திட்டங்கள் எப்படி வெற்றி பெற்றன? பணம் ஒதுக்கியதால் மட்டும் அல்ல. ஒவ்வொரு பள்ளியிலும் இன்று எத்தனை குழந்தைகள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கு அன்றாடம் எழுதப்படுகிறது. ஒரு குழந்தை தட்டோடு வரிசையில் நின்று வெறுந்தட்டோடு திரும்பினால் அது அத்தனை பேர் கண்ணிலும் படும். தாய்மார்கள் கேட்பார்கள், ஊர் கேட்கும், அன்று மாலைக்குள் தலைமையாசிரியர் பதில் சொல்லியாக வேண்டும்.

வாசிப்புக்கு இப்படி ஒரு கணக்கு நம் ஊர்களில் உண்டா? மூன்றாம் வகுப்பில் இருபத்தைந்து குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நான்கு வரிக் கதையைத் தடையின்றி வாசிப்பார்கள்? எத்தனை பேர் சொல் சொல்லாகத் தடுமாறுவார்கள்? எத்தனை பேருக்கு எழுத்துகளே இன்னும் பிடிபடவில்லை? வகுப்பாசிரியைக்குத் தெரிந்திருக்கலாம். பெற்றோருக்குத் தெரியுமா? ஊருக்குத் தெரியுமா? பசித்த வயிறு கேட்டு அழும். வாசிக்கத் தெரியாத குழந்தை அழுவதில்லை. மற்றவர்கள் சேர்ந்து சொல்லும்போது தானும் வாயசைத்துக்கொண்டு, கரும்பலகையில் இருப்பதை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டு, ஆண்டுக்கு ஒரு வகுப்பு ஏறிக்கொண்டே போகிறது.

எண்கள் காட்டும் நிலை

கொரோனா பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறக்குறைய பத்தொன்பது மாதங்கள்! பெரிய வகுப்பு மாணவர்கள் அலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் ஏதோ கொஞ்சம் பாடம் கேட்டார்கள். முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தைக்கு அதுவும் இல்லை. சிலேட்டில் கை பிடித்து எழுதக் கற்கும் வயதில் எந்தத் திரையும் அதற்கு உதவவில்லை.

நாடு தழுவிய 'அசர்' ஆய்வு, ஊரகக் குழந்தைகளின் வாசிப்புத் திறனை அவரவர் வீட்டிற்கே சென்று சோதித்துப் பார்க்கிறது. அந்த ஆய்வின்படி, தமிழக ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நூறு பேரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் சுமார் 10 பேர். 2022இல் அது 5 பேருக்கும் கீழே இறங்கியது. 2024இல் மீண்டும் உயர்ந்து சுமார் 12 பேர் ஆனது. ஐந்தாம் வகுப்பிலோ, இதே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் நூற்றுக்குச் சுமார் 40 பேர், 2022இல் சுமார் 25 பேர். 2024இல் இதுவும் ஓரளவு மேலேறியது.

இந்த எண்களை இரண்டு விதமாகப் பார்க்கலாம். சரிந்தது நிமிர்ந்திருக்கிறது என்பது ஒரு பார்வை. அது உண்மை, ஆசிரியர்களின் உழைப்புக்கு அது சான்று. ஆனால் பெருந்தொற்றுக்கு முன்பே, பள்ளிகள் ஒழுங்காக நடந்த 2018ஆம் ஆண்டிலேயே, ஐந்தாம் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை என்பது இன்னொரு பார்வை. ஆகவே எல்லாப் பழியையும் கொரோனாவின் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இது நம் மாநிலத்தின் குறை மட்டுமல்ல. பத்து வயதில் ஓர் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத நிலையைக் 'கற்றல் வறுமை' என்ற பெயரால் உலக வங்கி 2019 முதல் அளந்து வருகிறது. குறைந்த வருவாய், நடுத்தர வருவாய் நாடுகளில் பத்துக்கு ஏழு குழந்தைகள் அந்த வறுமையில் இருப்பதாக 2022இல் அது மதிப்பிட்டது. வறுமை என்ற சொல் இங்கே மிகவும் பொருத்தமானது. வாசிக்க இயலாத குழந்தைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் மூடிய பெட்டிகளே. கணக்குக் கூடத் தப்பவில்லை. கூட்டல் தெரிந்த குழந்தையும், கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாமல் விழித்து நிற்கிறது.

முதல் வகுப்பில் உண்மையில் நடப்பது என்ன?

வாசிக்கக் கற்பது எளிது என்று பெரியவர்களாகிய நாம் நினைத்துக்கொள்கிறோம். நமக்கு அது மறந்துபோனதுதான் காரணம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள். நல்ல ஆசிரியர்கள் இந்த 247ஐயும் வரிசையாகத் திணிப்பதில்லை. ட, ப, ம என்று வளைவு நெளிவு அதிகம் இல்லாத மூன்று எழுத்துகளையும், புள்ளி வைக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தாலே குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசித்துவிடும். தான் வாசித்த முதல் சொல்லின் பொருளும் தனக்கே தெரிகிறது என்னும்போது அந்த முகத்தில் வரும் மகிழ்ச்சியைத் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் நன்கறிவார்கள்.

அதற்கு அடுத்த படிதான் கடினம். துணைக்கால், கொம்பு, சுழி என்று குறிகள் வருகின்றன. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலிக்கும்போது 'க்' முதலில் வந்து 'எ' பின்னால் வருகிறது. 'கொ' என்னும்போது எழுத்துக்கு இரு பக்கமும் குறி. கடல், அகம், தங்கம் ஆகிய மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. போதாக்குறைக்கு வீட்டில் 'வந்துச்சு' என்பது புத்தகத்தில் 'வந்தது' என்று இருக்கிறது. இவற்றை எல்லாம் ஒரு குழந்தை இரண்டு மாதத்தில் தாண்டும், இன்னொரு குழந்தைக்கு ஓராண்டு தேவைப்படும். இருவரும் அறிவுள்ள குழந்தைகளே. காலம்தான் வேறு.

ஆனால் பாடநூல் காத்திருப்பதில்லை. முதல் பருவம் முடிந்தால் இரண்டாம் பருவம் வந்துவிடும். கொம்பு பிடிபடாத குழந்தை அங்கேயே நிற்க, வகுப்பு மேலே நகர்ந்துவிடுகிறது. அந்த இடைவெளி ஓர் ஆண்டில் ஒரு முழமாக இருப்பது, மூன்றாண்டில் ஒரு காதமாகிவிடுகிறது. கடைசி வரிசை என்பது பிறப்பது இப்படித்தான்.

நம் மண்ணின் பிழைப்பும் குழந்தையின் படிப்பும்

பள்ளியில் விட்டதை வீடு ஈடு செய்யும் என்று நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் எதிர்பார்க்கலாம். நம் பகுதியின் பிழைப்பை எண்ணிப் பாருங்கள். நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் லாரி ஓட்டச் செல்லும் தகப்பன், வடமாநிலங்களுக்குச் சரக்கு ஏற்றிப் போனால் வீடு திரும்ப வாரங்கள் ஆகின்றன. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டும் பெற்றோரில் ஒருவர் பகல் ஷிப்டு, ஒருவர் இரவு ஷிப்டு. சேலத்தின் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளிக் கம்பியோடு போராடும் குடும்பங்களுக்குப் பண்டிகைக் காலம் நெருங்கினால் இரவும் பகலும் ஒன்றுதான். கிழங்கு வெட்டும் காலத்தில் ஜவ்வரிசி ஆலைகள் ஓய்வதில்லை. இந்தத் தாய் தகப்பனுக்குப் பிள்ளையின் மேல் அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? பிள்ளைக்காகத்தானே இத்தனை பாடும். ஆனால் மாலையில் அருகில் அமர்ந்து, 'எங்கே சாமி, இதை வாசி பார்க்கலாம்' என்று சொல்ல நேரமோ எழுத்தறிவோ பலருக்கு இல்லை.

இவர்களுக்கும் அடுத்த நிலையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. கோழிப்பண்ணைகளிலும் செங்கல் சூளைகளிலும் நூற்பாலைகளிலும் வேலை செய்ய ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் தமிழ், புத்தகத்தில் இன்னொரு தமிழ். சூளை வேலை முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும், அடுத்த ஆண்டு வேறு பள்ளி. வருகைப் பதிவேட்டில் இந்தக் குழந்தையின் பெயர் இருக்கும். வாசிப்பில் அது எங்கே நிற்கிறது என்பது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

மதிப்பெண் மாவட்டங்களின் மறுபக்கம்

இங்கே நம் பகுதிக்கே உரிய ஒரு முரண்பாட்டையும் பேசியாக வேண்டும். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு என்றாலே தமிழகம் முழுவதும் நினைவுக்கு வருவது பிளஸ் டூ மதிப்பெண். எங்கெங்கிருந்தோ பெற்றோர் கடன் வாங்கியாவது பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்த்த காலம் உண்டு. மாநில ரேங்க் வாங்கியவர்களின் முகங்கள் பேருந்து நிலையம் தோறும் தட்டிகளாகத் தொங்கின. 2017ஆம் ஆண்டு அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. அதே ஆண்டில் மருத்துவச் சேர்க்கைக்கு 'நீட்' கட்டாயமானது. தட்டிகளில் இருந்த எழுத்துகள் மாறின, ஓட்டம் மாறவில்லை.

அந்த உழைப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஒரு சமூகம் எதைக் கொண்டாடுகிறதோ அதற்குத்தான் அதன் பணமும் கவனமும் போகும். பன்னிரண்டாம் வகுப்புக்குச் சிறந்த ஆசிரியர், சிறப்பு வகுப்பு, இரவுப் படிப்பு எல்லாம் உண்டு. முதல் வகுப்புக்கு? யார் கிடைத்தாலும் போதும் என்ற மனநிலை தனியார் பள்ளிகள் பலவற்றில் இருக்கிறது. பெற்றோரும் அங்கே கேட்பது, 'என் பிள்ளை இங்கிலீஷில் ரைம்ஸ் சொல்லுமா?' என்பதைத்தான். தமிழையும் கூட்டி வாசிக்காமல், ஆங்கிலத்தையும் புரிந்து வாசிக்காமல், இரண்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தைகளை நாம் பார்க்கிறோம். மேல்மாடிக்கு வண்ணம் பூசிக்கொண்டே இருக்கிறோம். கடைக்காலில் செங்கல் குறைகிறது.

பெயிலாக்கினால் சரியாகிவிடுமா?

'முன்பெல்லாம் பெயில் போடுவார்கள், பயந்து படித்தார்கள். இப்போது எல்லாரும் பாஸ், அதனால்தான் இந்த நிலை' என்று தேநீர்க் கடை முதல் பெற்றோர் கூட்டம் வரை பலர் சொல்கிறார்கள். 2019-20 கல்வியாண்டில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு நடத்தத் தமிழக அரசு முடிவு செய்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேறாதவர்களை நிறுத்திவைக்க வழி செய்தது. தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தொடரும் என்று அப்போது மாநில அரசு அறிவித்தது.

நாம் கேட்க வேண்டியது இதுதான். கொம்பு வைத்த எழுத்து பிடிபடாத குழந்தையை அதே வகுப்பில் உட்கார வைத்து, அதே பாடத்தை, அதே வேகத்தில் இன்னோர் ஆண்டு நடத்தினால் என்ன கிடைக்கும்? அவமானம் கிடைக்கும். பிறகு அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுத் தறிக்கோ பண்ணைக்கோ போய்விடும். அடுத்த தலைமுறைக்கும் அதே கடைசி வரிசைதான். அதே சமயம், வாசிக்கத் தெரியாமலே மேலே அனுப்பிக்கொண்டிருப்பதும் அன்பல்ல. பாஸ், பெயில் என்ற இரண்டு முத்திரைகளில் எதுவும் வாசிக்கக் கற்றுக் கொடுப்பதில்லை. குழந்தை நிற்கும் இடத்திற்கு ஆசிரியர் இறங்கி வந்து, அங்கிருந்து கை பிடித்து அழைத்துப் போவதே கற்றுக் கொடுக்கும்.

நிற்கும் இடம் அறிந்து கற்பித்தல்

இது நமக்குப் புதிய வழியும் அல்ல. பழைய திண்ணைப் பள்ளியில் இன்றைக்கு உள்ள வகுப்புப் பிரிவுகள் கிடையாது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே திண்ணையில் அமர்ந்து, அவரவர் பாடத்தை அவரவர் வேகத்தில் மணலிலும் ஓலையிலும் எழுதினார்கள். முன்னே சென்ற பிள்ளை பின்னே வருபவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஓர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்பவர் இந்த முறையைக் கண்டு வியந்து, தம் பள்ளியில் கையாண்டு, இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். 'மதராஸ் முறை' என்றே அது பெயர் பெற்றது. அந்தத் திண்ணைகளில் பெண் குழந்தைகளுக்கும் ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகளுக்கும் இடமில்லாமல் இருந்தது என்ற கசப்பான உண்மையையும் நாம் மறக்கக் கூடாது. எல்லாருக்கும் கதவைத் திறந்தது பின்னர் வந்த பொதுப்பள்ளியே.

இரண்டையும் இணைக்கும் முயற்சிகள் நம் காலத்தில் நடந்தன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் தமிழகம் முழுவதும் பரவியது. அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் படியில் இருந்து கற்பதே அதன் நோக்கம். பின்னர் 2022 ஜூன் 13 அன்று, பள்ளி திறந்த அதே நாளில், 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குகள் செய்யவும் வேண்டும், 2025க்குள் இந்த இலக்கை அடைய வேண்டும் என்று வகுக்கப்பட்டது. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, 2023-24இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை அவர்களின் நிலை அறிந்து பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சி தருவது அதன் வழி. மக்கு, மந்தம் என்று பிள்ளைகளை ஏசிப் பழகிய சமூகத்தில், அரும்பு என்று அழைத்ததே ஒரு பெரிய மாற்றம் எனலாம். அரும்பு பூக்கும் என்ற நம்பிக்கை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மாலை நேரத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபரில் தொடங்கியது. ஏறத்தாழ 19,000 தமிழக ஊரகக் குழந்தைகளை வைத்துக் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் ஆய்வு செய்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையோடு ஒரு தெருவிளக்கின் கீழோ வீட்டு வாசலிலோ பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை வாசித்த பெண்களின் சாதனை இது. விட்டுப்போனதைப் பிடிக்க முடியும், அதுவும் மாதக் கணக்கில் பிடிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆசிரியரின் கைகளைக் கட்டாதீர்கள்

எந்தத் திட்டமும் ஆசிரியரின் வழியாகத்தான் குழந்தையைச் சேரும். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதாவது ஐந்து வகுப்புகளுக்கு இருவர். ஒருவர் கூட்டத்திற்குப் போனாலோ விடுப்பில் இருந்தாலோ, ஐந்து வகுப்புக்கும் ஒருவர். இதன் நடுவே வருகைப் பதிவும் மதிப்பீடும் அலைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் அந்தப் பதிவே பாடவேளையைத் தின்றுவிடுகிறது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நடுத்தர வயது ஆசிரியர் பலரைக் கலங்க வைத்தது. சிறுபான்மையினர் பள்ளிகள் தொடர்பான கேள்வியை நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

இந்தச் சுமைகளுக்கு நடுவிலும் முதல் வகுப்பு டீச்சர் ஒரு குழந்தையின் அருகில் குனிந்து, அதன் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் நகர்த்துகிறார் என்றால், அந்த நிமிடம்தான் கல்வி. மேலிருந்து வரும் ஒவ்வோர் உத்தரவும் அந்த நிமிடத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று அதிகாரிகளும் பள்ளித் தாளாளர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். மதிப்பீடு தேவை. ஆனால் அது குழந்தைக்கு அடுத்து என்ன சொல்லித் தர வேண்டும் என்பதை ஆசிரியருக்குக் காட்டுவதற்காக. மாவட்டத்தின் விழுக்காட்டை உயர்த்திக் காட்டுவதற்காக அல்ல. அரும்பில் நிற்கும் குழந்தையை மலர் என்று பதிவு செய்தால், அந்தக் குழந்தைக்கு வர வேண்டிய உதவி அன்றோடு நின்றுபோகும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கேட்டுப் பார்ப்பது. ஒரு குழந்தையைத் தனியாக அருகில் அழைத்து, அதன் வகுப்புக்குக் கீழ் வகுப்பின் நூலிலிருந்து நான்கு வரிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்க மூன்று நிமிடம் போதும். இருபத்தைந்து குழந்தைகள் என்றால் எழுபத்தைந்து நிமிடம். இரண்டு பாடவேளைக்குள் முழு வகுப்பின் உண்மை நிலையும் தெரிந்துவிடும். ஜூன் மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் இப்படி ஒருமுறை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். சேர்ந்து சொல்லும்போது மறைந்துகொள்ளும் குழந்தை, தனியாக வாசிக்கும்போதுதான் நம் கண்ணில் படும்.

இரண்டாவது, பெற்றோர் கேட்கும் கேள்வியை மாற்றுவது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் சுற்றுச்சுவரும் குடிநீர்க் குழாயும் மட்டும் பேசப்படக் கூடாது. 'மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள், வாசிக்காதவர்களுக்கு இந்த மாதம் என்ன செய்கிறோம்?' என்பதும் பேசப்பட வேண்டும். குழந்தைகளின் பெயரைச் சொல்லி வெட்கப்படுத்தாமல், எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசினாலே போதும். எழுத்தறியாத தாயும் இதில் பங்கு பெறலாம். தினமும் மாலை பிள்ளையை அருகில் அமர்த்தி, புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லி, அந்தக் கதை என்னவென்று கேட்டாலே போதும். தாய்க்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும், பிள்ளை தடுமாறுவது அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது, மாலை நேரத்து இடம். நம் பங்குகளில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் உண்டு. கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள் உண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் உண்டு, வாசிக்கத் தெரிந்த பாட்டிகளும் உண்டு. சாதி, சமயம் பாராமல் தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும், சூளையிலும் பண்ணையிலும் தங்கியிருக்கும் வடமாநிலத்துப் பிள்ளைகளுக்கும், வாரத்தில் நான்கு நாள், ஒரு மணி நேரம் அந்த மண்டபங்களைத் திறந்து வைக்க முடியாதா? பாய், விளக்கு, படக்கதைப் புத்தகங்கள், பொறுமையுள்ள ஒருவர். பெரிய செலவு ஏதுமில்லை.

நான்காவது, நம் பள்ளிகளின் தேர்வு. உதவிபெறும் பள்ளியாயினும் சுயநிதிப் பள்ளியாயினும், மிகுந்த அனுபவமும் பொறுமையும் உள்ள ஆசிரியரை முதல் வகுப்புக்கு அனுப்புவது என்று நிர்வாகங்கள் முடிவெடுத்தால், பத்தாண்டு கழித்துப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நம் மாவட்டங்கள் எத்தனையாவது இடம் என்று ஆவலோடு பார்க்கிறோம். அந்த ஆவலில் ஒரு பங்கையாவது ஜூன் மாதத்தின் முதல் வகுப்புக்குத் தருவோம். உங்கள் தெருவில் உள்ள தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரை அடுத்த முறை பார்க்கும்போது, சத்துணவு எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், கடைசி வரிசைப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்றும் கேளுங்கள். நாம் ஏதேனும் உதவ முடியுமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.